வீட்டில் ஆக்சிஜன், தொலைபேசியில் சிஸ்டர்: நாள்பட்ட மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இது உண்மையில் உதவுகிறதா?

ராஜபாளையத்து மகள்
ஜனவரி 4, இரவு 10.15

அப்பாவுக்கு 71 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் நின்றவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து நெஞ்சைக் கெடுத்துவிட்டன. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நவம்பரில் ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின் இயந்திரமான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவில், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அதனால் மாதக் கட்டணம் கட்டி, தொலைபேசி வழியாகச் செவிலியர் கவனிக்கும் தனியார் சேவை ஒன்றில் சேர்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொடுத்தார்கள். அதன் எண் அவர்களுக்கே போய்விடும். தினமும் அழைத்து விசாரிப்பார்கள் என்றார்கள். அழைக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு குரல். "ஆக்சிஜன் எவ்வளவு? காய்ச்சல் உண்டா? மாத்திரை போட்டீர்களா?" அவ்வளவுதான்.

மார்கழிக் குளிரில் ஒரு விடியற்காலை எண் 81 என்று காட்டியது. உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார்கள். தெருவே கூடிவிட்டது. ஆம்புலன்ஸில் வந்த பணியாளர் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். 90. விரல் சில்லிட்டிருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து அப்பா அந்தக் கருவியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறார்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் உண்மையான ஆபத்து வந்தது. சளி பச்சையாக மாறியது. படுக்க முடியாமல் இரவு முழுதும் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். எண் மட்டும் 91. "நன்றாகத்தான் இருக்கிறது அம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் திரும்பவும் மருத்துவமனை.

இந்தச் சேவையை நிறுத்திவிடலாமா? அல்லது வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட வேண்டுமா? தொலைவிலிருந்து ஒரு செவிலியரால் இந்த நோய்க்கு ஏதாவது செய்ய முடியுமா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை செவிலி
ஜனவரி 5, காலை 6.40

சகோதரி, வேலையை விடும் முடிவை இந்த வாரம் எடுக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் பதினான்கு ஆண்டுகள் நெஞ்சக நோய் வார்டில் இருந்தவள். இப்போது வீடு திரும்பிய நோயாளிகளைத் தொலைபேசியில் தொடர்ந்து கவனிப்பது என் வேலை. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது செவிலியர் கவனிப்பே அல்ல, எண் சேகரிப்பு. இரண்டுக்கும் நிறைய தூரம் இருக்கிறது.

இந்த நோயில் நிலைமை மோசமாகிறது என்பதற்கு மூன்று அடையாளங்களை முதலில் பார்ப்போம்: மூச்சிரைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது. இவற்றில் எதையும் விரல் கருவி சொல்லாது. ஆக்சிஜன் அளவு பல நேரங்களில் கடைசியாகத்தான் இறங்கும். அப்பாவுக்கு அன்று மூன்றும் இருந்தன. முதல் நாளே மருத்துவரிடம் பேசி மருந்தை ஆரம்பித்திருந்தால் அவர் வீட்டிலேயே தேறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. இந்த நோயாளிகளில் பலருக்கு, குறிப்பாக உடலில் கரியமில வாயு தேங்கும் தன்மை உள்ளவர்களுக்கு, நாங்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். ஆகவே 91 என்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது, 89 என்பதை வைத்து அலறவும் கூடாது. உங்கள் அப்பாவுக்குரிய இலக்கு என்ன என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். எண்ணைப் பார்க்கும் முன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, கருவியில் எண் நிலைக்கும் வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

நான் அழைக்கும்போது எண்ணைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் பேச விடுவேன். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறாரா, மூன்று சொல்லுக்கு ஒரு முறை நிற்கிறாரா என்று காது கொடுப்பேன். பிறகு, "ஐயா, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று நிறுத்தாமல் எண்ணுங்கள்" என்பேன். என்னிடம் ஒரு பெரியவர் இருக்கிறார். நல்ல நாளில் பதினைந்து வரை போவார். ஒரு திங்கட்கிழமை எட்டிலேயே நின்றுவிட்டார். "நேற்றுக் கல்யாண வீட்டில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது" என்றார். நான் நம்பவில்லை. மருத்துவரிடம் சொன்னேன், அன்று மாலையே மருந்து மாறியது. அவருடைய பதினைந்தை நான் அறிந்திருந்ததால்தான் அந்த எட்டு எனக்குப் பொருள்பட்டது. தினம் ஒரு புதுக் குரல் அழைத்தால் யாருக்கு அது தெரியும்?

அப்பா மருந்தை எப்படி உறிஞ்சுகிறார் என்பதை வீடியோ அழைப்பில் யாராவது பார்த்தார்களா?

---

ராஜபாளையத்து மகள்
ஜனவரி 5, காலை 8.05

இல்லை அக்கா. யாருமே கேட்கவில்லை. கேப்சூல் போட்டுத் திருகி உறிஞ்சும் ரோட்டாஹேலர் வைத்திருக்கிறார். ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார், தெரியாமலா இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

---

எண்களை நம்புபவன்
ஜனவரி 5, பிற்பகல் 1.30

செவிலியர் அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் தொலைநிலைக் கவனிப்பு என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மாமனாருக்காக இரண்டு மாதம் இதைப் படித்தேன்.

ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் இதே நோய் உள்ள 256 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஒரு பாதிப் பேர் வீட்டிலிருந்தே தினமும் தொடுதிரையில் அறிகுறிகளையும் ஆக்சிஜன் அளவையும் அனுப்பினார்கள். மறுபாதிக்கு அந்தக் கருவி இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மருத்துவமனையில் சேர்வது தள்ளிப்போகவே இல்லை.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடையே நடந்ததோ இன்னும் கவலை தருவது. 20 மருத்துவமனைகள், 426 நோயாளிகள். கல்வி, செயல்திட்டம், தொலைபேசி அழைப்புகள் எல்லாம் இருந்தன. கவனிப்புப் பெற்ற குழுவில் 28 மரணங்கள், மற்றதில் 10. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2012-இல் முடிவு வெளியானது. ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஆய்வாளர்களாலேயே தெளிவான விளக்கம் தர முடியவில்லை.

எனவே சகோதரி, கட்டணம் கட்டும் முன் யோசியுங்கள். வீட்டில் ஆள் இல்லாத குறையைத் தொலைபேசி தீர்க்காது.

---

லெஸ்டரிலிருந்து
ஜனவரி 5, இரவு 11.50

நான் திருநெல்வேலிக்காரி. இங்கிலாந்தில் வீடு தேடிச் சென்று பார்க்கும் நுரையீரல் செவிலியர் குழுவில் பணிபுரிகிறேன். மேலே சொன்ன இரு ஆய்வுகளும் உண்மைதான். ஆனால் அவற்றை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படிக்க வேண்டும், தம்பி.

லோதியனில் இரண்டு குழுக்களுக்கும் ஒரே தரமான மருத்துவக் கவனிப்பு கிடைத்தது. ஒரு குழுவுக்குக் கூடுதலாகக் கருவி மட்டும் வந்தது. ஆகவே அந்த ஆய்வு சொல்வது, நல்ல கவனிப்பின் மேல் ஒரு திரையை வைத்தால் அதனால் மட்டும் எதுவும் கூடாது என்பதைத்தான். செவிலியர் வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

அதே அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரிடையே இன்னோர் ஆய்வும் இருக்கிறது. 2010-இல் வெளியானது, 743 நோயாளிகள். ஒருமுறை உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கம். மோசமானால் என்ன செய்வது என்று எழுதிய திட்டம். மாதம் ஒருமுறை பொறுப்பாளர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு. இவ்வளவுதான். மருத்துவமனைச் சேர்க்கையும் அவசரப் பிரிவு வருகையும் சேர்ந்து 41 சதவீதம் குறைந்தன. அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகள், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மக்கள், எதிரெதிரான முடிவுகள். இதை வைத்து நான் என் வேலையில் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: வீட்டில் மருந்து கொடுத்து "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடக் கூடாது. மருந்தைத் தொடங்கிய மறுநாள் அழைக்க வேண்டும், அதற்கு மறுநாளும் அழைக்க வேண்டும், தேறவில்லை என்றால் நேரில் ஒருவர் போக வேண்டும். 2012 ஆய்வு தோற்றதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து மறுநாள் அழைப்பை நான் தவறவிட்டதில்லை.

விரல் கருவி பற்றி ஒன்று. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. தோலின் நிறம் அடர்ந்தால் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். வயலிலும் வெயிலிலும் கறுத்த நம் பெரியவர்களின் விரலில் காட்டும் 91-ஐ நானாக இருந்தால் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

---

பொன்னி நெல்
ஜனவரி 6, காலை 7.20

என் அம்மா வாழ்நாளில் பீடியோ சிகரெட்டோ தொட்டதில்லை. ஆனால் இதே நோய். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பும் வறட்டியும் ஊதுகுழலும். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாமல் புகைய, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பார். அந்தப் புகைதான் என்று மருத்துவர் சொன்னபோது, எத்தனை வேளைச் சோறு அந்த அடுப்பில் உண்டிருப்பேன் என்று எண்ணி அழுதேன்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மா பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில். அழைத்தால் எப்போதும் ஒரே பதில்: "நன்றாக இருக்கிறேன் சாமி, நீ சாப்பிட்டாயா?" எத்தனை மருத்துவர் கேட்டாலும் அதே "நன்றாக இருக்கிறேன்"தான்.

எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். இப்போது மகனோடு கும்பகோணத்தில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை அம்மாவை அழைத்துப் பேசுகிறார். ஒருமுறை நானும் அந்த அழைப்பில் இருந்தேன். "எப்படி இருக்கிறீர்கள்" என்று அவர் கேட்கவே இல்லை.

"அக்கா, இன்று வாசலில் என்ன கோலம்?"

"ஏழு புள்ளிதான்."

"போன வாரம் பதினைந்து புள்ளி என்றீர்களே?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குனிந்தால் அடைக்கிறது. பாதியில் படியில் உட்கார்ந்துவிட்டேன்" என்றார்.

மூன்று ஆண்டுகளில் நான் அம்மாவிடமிருந்து பெற முடியாத உண்மையை அந்த அம்மாள் இரண்டு கேள்வியில் பெற்றுவிட்டார். அன்று மாலையே என் தங்கை அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். பட்டன் தொலைபேசிதான், வேறு எந்தக் கருவியும் இல்லை. ராஜபாளையத்துச் சகோதரி, உங்கள் அப்பா தினமும் எதைச் செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை செவிலி
ஜனவரி 6, இரவு 9.10

பொன்னி நெல், உங்கள் ஊர்ச் செவிலியரின் கேள்வியை நாளையிலிருந்து நானும் கேட்பேன். ஆண்களிடம் நான் கேட்பது, "டீக்கடைக்கு நடந்து போனீர்களா, இடையில் எங்கே நின்றீர்கள்?" என்று. மின்கம்பத்தில் நின்றேன், பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்தேன் என்பார்கள். நிற்கும் இடம் வீட்டை நோக்கி நெருங்க நெருங்க எனக்குக் கவலை கூடும்.

இன்று ராஜபாளையத்துச் சகோதரியும் அவருடைய அம்மாவும் வீடியோ அழைப்பில் வந்தார்கள். அப்பா சம்மதித்ததால் எழுதுகிறேன். கேப்சூலைப் போட்டார், திருகினார், எல்லாம் சரி. ஆனால் வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக, வெந்நீர் குடிப்பது போல உறிஞ்சினார். இந்த வகைக் கருவியில் வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். உள்ளே கேப்சூல் படபடக்கும் சத்தம் கேட்க வேண்டும். திறந்து காட்டச் சொன்னேன். தூளில் பாதி அப்படியே இருந்தது. ஆறு ஆண்டுகளாகப் பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது. இதை விட மோசமாகவும் பார்த்திருக்கிறேன்: கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் உட்கார்ந்து காட்டித் தரவில்லை.

அவரால் வேகமாக உறிஞ்ச முடியவில்லை என்றால் ஸ்பேசரோடு (மருந்தைத் தேக்கி மெதுவாக உறிஞ்ச உதவும் குடுவை) சேர்ந்த, அழுத்தினால் மருந்து பீய்ச்சும் பம்ப் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அதை நான் முடிவு செய்ய முடியாது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி தொலைவிலிருந்து மருந்து எழுதுவது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. செவிலியர் இடையில் நின்று உதவலாம். ஆகவே எந்தச் சேவையில் சேர்ந்தாலும் முதலில் கேளுங்கள்: "சிஸ்டர், உங்களுக்குச் சந்தேகம் வந்தால் எந்த மருத்துவரை அழைப்பீர்கள்? எவ்வளவு நேரத்தில் கிடைப்பார்?" பதில் மழுப்பலாக இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

வீடியோவில் கண்ட இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. கான்சன்ட்ரேட்டர் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அம்மா குத்துவிளக்கு ஏற்றியிருந்தார். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் உள்ள தீப்பொறியைப் பெருந்தீயாக்கும். விளக்கு, சூடம், கொசுவர்த்திச் சுருள், அடுப்பு எல்லாம் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். பீடி அந்த அறைக்குள்ளேயே கூடாது. மூக்கில் குழாய் உராய்ந்து புண்ணானால் வாசலின் போன்ற எண்ணெய்ப் பசை தடவாதீர்கள், தண்ணீரில் கரையும் களிம்பு கேளுங்கள். அம்மா உடனே விளக்கை அடுத்த அறைக்கு எடுத்துப் போனார். இந்த ஒன்றுக்காகவே அந்த அழைப்பு தகும்.

---

கொங்கு வாசகர்
ஜனவரி 7, காலை 10.00

மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகளாக வீட்டில் ஆக்சிஜன். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரும் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட் எடுக்கும். 15 மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல். இரு மாதக் கணக்கில் 300 யூனிட் இதற்கு மட்டுமே. இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் இருபது நாளில் தீர்ந்துவிடும். கட்டணத்துக்குப் பயந்து அண்ணி பகலில் அணைத்து வைத்ததை நாங்கள் ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அழைக்கும் செவிலியர் "எத்தனை மணி நேரம் ஓடியது" என்று கேட்க வேண்டும். பல இயந்திரங்களில் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரே இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லச் சொன்னால் போதும்.

மின்வெட்டுக்கு ஒரு பி வகை சிலிண்டர் வைத்திருக்கிறோம். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் வரும். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எங்களுக்கு முதல் மின்வெட்டில் தெரியவில்லை.

---

எண்களை நம்புபவன்
ஜனவரி 7, இரவு 8.45

லெஸ்டர் அக்கா சொன்ன 2010 ஆய்வை நான் தவறவிட்டிருந்தேன். படித்தேன். என் முதல் பதிவில் "தொலைபேசி தீர்க்காது" என்று அழுத்திச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மாமனார் ஏன் தேறவில்லை என்பதும் இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அவர் இரவில் மூச்சு முட்டினால் ஆக்சிஜனைத் தானே நான்கு லிட்டருக்கு ஏற்றிவிடுவார். காலையில் தலைவலி, பகல் முழுதும் தூக்கம். வயதின் சோர்வு என்று நினைத்தோம்.

---

லெஸ்டரிலிருந்து
ஜனவரி 7, இரவு 11.15

தம்பி, அதை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், நாளை வரை காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜனும் மருந்துதான், அளவு கூடினால் தீங்கு. சிலருக்கு அதிக ஆக்சிஜனால் கரியமில வாயு உடலில் தேங்கும். காலைத் தலைவலி, பகல் தூக்கம், கை நடுக்கம், பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளங்கள். எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

மூச்சு முட்டும்போது அவர் கை ஆக்சிஜன் திருகைத் தேடாமல் இருக்க வேறு ஒன்றைப் பழக்குங்கள். நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பது போல மெல்ல ஊத வேண்டும். இழுப்பதைவிட ஊதுவதற்கு இரு மடங்கு நேரம். நான் இதைத் தொலைபேசியில் நோயாளியோடு சேர்ந்து செய்வேன். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு அவருடையது மெல்ல மெல்ல அடங்குவது எனக்குக் கேட்கும்.

---

ராஜபாளையத்து மகள்
ஜனவரி 8, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்விதான் மிச்சம். தொலைபேசியில் ஆபத்து தெரிந்துவிட்டது, சரி. வீட்டுக்கு யார் போவது? அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் வந்து சேர ஓர் இரவு ஆகும்.

---

வைகைக்கரை செவிலி
ஜனவரி 9, காலை 6.15

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் தன்னார்வலரைப் பார்த்திருப்பீர்கள். அதே திட்டத்தில் தீராத நோயின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவருபவர் இருந்தால் அவரிடமே அப்பாவைப் பற்றிச் சொல்லி, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் பதிய முடியுமா என்று கேளுங்கள். அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக மருத்துவரிடம் கட்டணமின்றிப் பேசலாம்.

இவை எல்லாம் இருந்தும் நள்ளிரவுக்குப் பக்கத்து வீடுதான் துணை. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அவருக்கு ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: அப்பாவின் இலக்கு எண், ஆக்சிஜன் அளவு, மருந்துகள், எந்த அடையாளத்துக்கு மருத்துவரை அழைப்பது, எதற்கு 108. சுவரில் ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

---

ராஜபாளையத்து மகள்
பிப்ரவரி 16, இரவு 10.05

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

அந்தத் தனியார் சேவையை நிறுத்திவிட்டேன். அப்பாவைப் பார்க்கும் நெஞ்சக மருத்துவரிடமே நேராகக் கேட்டேன். அவரிடம் வேலை செய்யும் சிஸ்டர் ஒருவர் வாரம் மூன்று முறை அழைக்கச் சம்மதித்தார். மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டோம், முன்பு கட்டியதைவிடக் குறைவு. மருந்து ஸ்பேசரோடு கூடிய பம்புக்கு மாறிவிட்டது. உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் சிஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார். நாக்கில் இருந்த வெள்ளைப் படிவு போய்விட்டது.

எதிர் வீட்டு மாரியப்பன் அண்ணன் சிலிண்டரைத் திறக்கக் கற்றுக்கொண்டார். ஸ்பேனரைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்.

போன வாரம் சளி திரும்பவும் மஞ்சளானது. எண் 90. சிஸ்டர் அப்பாவை எண்ணச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வரை போகிறவர் ஏழில் நின்றார். ஒரு மணி நேரத்தில் மருத்துவர் பேசினார், அண்ணன் மருந்து வாங்கி வந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் சிஸ்டர் அழைத்தார். மருத்துவமனைக்குப் போகவில்லை.

நேற்று நான் அழைத்தபோது அப்பா, "இரும்மா, சிஸ்டர் கூப்பிடும் நேரம்" என்று என் அழைப்பைத் துண்டித்துவிட்டார். எண்ணிப் பழகிக்கொண்டிருந்தாராம். பதினொன்று வந்துவிட்டது என்று அம்மா சொன்னார்.